மெக்ஸிகோ உணவில் மெக்ஸிகோவுக்குச் சொந்தமானது எது? ஒரு வாக்குவாதம்

வைகைக்கரை:

மெக்ஸிகோவின் மரபுச் சமையலை 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் மெக்ஸிகோ உணவு என்று உலகம் முழுவதும் விற்கப்படுகிறவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தால் வேர் வேறு எங்கேயோ போகிறது.

டாக்கோ என்றால் அடையில் இறைச்சியோ காயோ வைத்து மடித்துச் சாப்பிடுவது. அதில் ஒரு வகையான அல் பாஸ்தோரை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான கம்பியில் இறைச்சியை அடுக்கி, நெருப்புக்கு எதிரே சுழலவிட்டு, வெந்த பக்கத்தைச் சீவித் தருவது லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா. சீஸர் சாலட் 1924-இல் தீஹுவானா நகரில் பிறந்தது. அதைச் செய்தவர் சீஸர் கார்தினி என்ற இத்தாலியர். நாச்சோஸ் 1940களில் எல்லை ஊரான பியேத்ராஸ் நெக்ராஸில், பாலம் கடந்து வந்த அமெரிக்கப் படைவீரர்களின் மனைவிமாருக்காக அவசரத்தில் செய்யப்பட்டது. இதால்கோ மாநிலத்தில் தெருவுக்குத் தெரு விற்கும் 'பாஸ்தே' என்ற திணித்த பண்டம், 1820களில் வெள்ளிச் சுரங்க வேலைக்கு வந்த, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதித் தொழிலாளிகளின் சாப்பாடு. சீவாவா பாலாடைக்கட்டி 1920களில் கனடாவிலிருந்து குடிபெயர்ந்த மென்னோனைட் கிறிஸ்தவர்களுடையது.

சமையல் பொருள்களும் அப்படித்தான். பன்றி, மாடு, ஆடு, கோழி, பால், அரிசி, கோதுமை, பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை, சீரகம் எல்லாமே ஸ்பானியர்கள் 1519-இல் வந்து இறங்கிய பிறகு வந்தவை. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு டாக்கோவைக் கட்டித் தாருங்கள், பார்ப்போம்.

மெக்ஸிகோவில் சாப்பிடப்படும் உணவு என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். மெக்ஸிகோவுக்கே உரிய உணவு என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும்.

அம்மிக்கல்:

எடுத்துவிட்டுக் கட்டச் சொன்னீர்களே, கட்டித் தருகிறேன். மக்காச்சோள அடை. அதன்மேல் வேகவைத்த கறுப்பு அவரை, வாட்டிய தக்காளியும் மிளகாயும் சேர்த்துக் கல்லில் அரைத்த சல்சா, ஒரு துண்டு அவகாடோ, வதக்கிய பூசணிப்பூ. வேண்டுமென்றால் வான்கோழிக் கறி. வான்கோழியை வீட்டுப் பறவையாக்கியதும் அந்த மக்கள்தான். ஸ்பானியர் வருமுன்பே இத்தனையும் அங்கே இருந்தன. இன்றும் கிராமத்துச் சந்தைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். நான் பூவேப்லா நகரில் வசிக்கிறேன், வாரந்தோறும் சாப்பிடுகிறேன்.

உங்கள் பட்டியலில் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேச்சே இல்லை. அதுதான் அந்த அடை. அதை நீங்கள் வெறும் உறையாக நினைத்துவிட்டீர்கள் தம்பி. நான் அதைத்தான் உணவு என்கிறேன். மேலே வைப்பது தொடுகறி.

அதைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைக்கிறார்கள். ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் அளவுதான் சுண்ணாம்பு. முழுக்க வேகவிடக் கூடாது. இறக்கி, இரவு முழுவதும் அந்த நீரிலேயே ஊறவிட வேண்டும். காலையில் தண்ணீர் மஞ்சளாகிக் கொழகொழவென்று இருக்கும். மணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். மழை பெய்த சுண்ணாம்புச் சுவரின் வாசனை வீடு முழுக்க வரும். கழுவி, ஈரத்தோடு கல்லில் அரைத்தால் கைக்கு ஒட்டாத, தட்டினால் விரிகிற மாவு கிடைக்கும். சுண்ணாம்பு போடாத மக்காச்சோள மாவைத் தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் வெடித்துவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற உயிர்ச்சத்து கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பில் வெந்தால்தான் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு, அதையே முழுநேர உணவாக்கிய வட இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் இதனால் செத்தார்கள். ஒரு தானியத்தைக் காட்டுப் புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் வளர்த்தெடுத்து, அதைச் சாப்பிடும் முறையையும் கண்டுபிடித்த மக்களைப் பார்த்து 'உங்களுக்கென்று என்ன இருக்கிறது' என்று கேட்கிறீர்கள்.

வைகைக்கரை:

அக்கா, அடையைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லுக்கும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் வாதத்தை அப்படியே எடுத்து உங்களிடமே வைக்கிறேன். மக்காச்சோளம் பொருள்; சுண்ணாம்பில் வேகவைப்பது முறை. பொருள் போன இடமெல்லாம் உணவு போகவில்லை, முறைதான் உணவு என்கிறீர்கள். சரி. அப்படியானால் அல் பாஸ்தோரில் முறை யாருடையது? கம்பி, சுழற்சி, சீவும் கத்தி, ஊறவைத்த இறைச்சி அடுக்கு எல்லாம் லெபனான். உங்கள் அளவுகோலிலேயே அது லெபனான் உணவாகிறது.

மிளகாய் மெக்ஸிகோவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்தது, அதற்காக வத்தக்குழம்பை மெக்ஸிகோ குழம்பு என்பீர்களா என்று யாராவது கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். மிளகாய் நமக்குப் பொருளாகத்தான் வந்தது. செய்முறை ஏதும் அதோடு வரவில்லை. அல் பாஸ்தோரில் வந்தது செய்முறை. இரண்டும் ஒன்றல்ல.

அம்மிக்கல்:

நல்ல கேள்வி. பதில் நான் வசிக்கும் ஊரிலேயே இருக்கிறது.

லெபனான், சிரியா பக்கத்திலிருந்து வந்தவர்கள் பூவேப்லாவில் 1930களில் இந்தக் கம்பியைச் சுழற்றத் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததற்கு இங்கே 'தாகோஸ் அராபெஸ்' என்று பெயர். அரபு டாக்கோ. இறைச்சியைப் பிதாவை ஒத்த, கொஞ்சம் தடித்த கோதுமை ரொட்டியில் வைத்துச் சுருட்டுவார்கள். மசாலா மென்மையாக இருக்கும், நிறம் வெளிறியிருக்கும். இன்றைக்கும் அது அப்படியே கிடைக்கிறது, அந்தப் பெயரிலேயே.

அல் பாஸ்தோர் அதிலிருந்து பிரிந்து மெக்ஸிகோ நகரத்தில் வளர்ந்தது. ஆட்டிறைச்சி போய்ப் பன்றியிறைச்சி நிலைத்தது. காய்ந்த மிளகாய்களை ஊறவைத்து அரைத்து, அச்சியோத்தே விதையின் சிவப்பைச் சேர்த்து, அந்த விழுதில் இறைச்சியை ஊறப்போட்டார்கள். கோதுமை ரொட்டி போய் உள்ளங்கையளவு மக்காச்சோள அடை வந்தது. கம்பியின் உச்சியில் அன்னாசி ஏறியது. தேர்ந்த கைக்காரர் இறைச்சியைச் சீவி இடது கையிலுள்ள அடையில் விழவைத்து, அதே வீச்சில் உச்சியிலுள்ள அன்னாசியிலிருந்து ஒரு சில்லைத் தெறிக்கவிட்டு அதையும் அடையிலேயே பிடிப்பார். பச்சை வெங்காயம், கொத்தமல்லித்தழை, எலுமிச்சை. முடிந்தது.

இரண்டையும் அடுத்தடுத்த நாள் சாப்பிட்டவர் யாரும் ஒரே பண்டம் என்று சொல்லமாட்டார். ஷவர்மா இங்கே வந்து இரண்டு பிள்ளைகளைப் பெற்றது. ஒன்று அப்பன் வீட்டுப் பெயரோடு இருக்கிறது. மற்றது இந்த மண்ணில் கலந்துவிட்டது. கலந்ததை மட்டும் பிடித்து 'நீ அந்நியன்' என்பது நியாயமில்லை.

ஹூஸ்டன்வாசி:

நாச்சோஸ் பற்றிச் சொன்னதை முதலில் சரிசெய்துவிடுகிறேன். வைகைக்கரை அதை மெக்ஸிகோவுக்கு வெளியே தள்ளிய விதம் சரியில்லை. செய்தவர் இக்னாசியோ அனாயா என்ற மெக்ஸிகோக்காரர். செய்த இடம் மெக்ஸிகோ மண். டார்ட்டியா எனப்படும் அந்த அடையைத் துண்டாக்கிப் பொரித்து, பாலாடைக்கட்டியைத் துருவிச் சூட்டில் இளகவிட்டு, ஊறுகாய் போட்ட ஹலப்பேன்யோ மிளகாயை வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டவர்கள் மட்டும்தான் அமெரிக்கர்கள். பந்தியில் உட்கார்ந்தவரை வைத்தா சமையலின் ஊரை முடிவு செய்வது?

ஆனால் என் சண்டை அம்மிக்கல் அம்மாவோடும் உண்டு. இந்தத் தளத்தில் அவர் முன்பு எழுதியவற்றில் டெக்ஸாஸ் பக்கத்து மெக்ஸிகோ உணவை 'போலி' என்று இரண்டு மூன்று இடங்களில் குறிப்பிட்டிருக்கிறார். டெக்ஸாஸில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் அதை மறுக்கிறேன்.

டெக்ஸாஸ் 1836 வரை மெக்ஸிகோவின் பகுதி. கலிபோர்னியாவும் நியூ மெக்ஸிகோவும் 1848 ஒப்பந்தத்தில் அமெரிக்காவிடம் கைமாறின. அங்கே பல தலைமுறைகளாக அடை தட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் எங்கும் போகவில்லை. கோடுதான் நகர்ந்து அவர்களைத் தாண்டிப் போனது. அந்தக் குடும்பங்களின் சமையல் ஒரே நாளில் எப்படிப் போலியாகும்?

சான் அந்தோனியோ நகரத்துச் சதுக்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெண்கள் மாலையானால் விளக்கேற்றி, நீண்ட மேசை போட்டு, மிளகாயில் வெந்த இறைச்சிக் கறியை விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று ஊரே அழைத்தது. 1930களில் சுகாதார விதிகளைக் காட்டி அவர்களைச் சதுக்கத்திலிருந்து அகற்றினார்கள். இதற்கிடையில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890களிலேயே அந்த மிளகாய்ப் பொடியைப் புட்டியில் அடைத்து வணிகமாக்கிவிட்டார். உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு.

கலிபோர்னியாவிலும் இதே கதைதான். சான் பெர்னார்டினோவில் மிட்லா கஃபே என்ற மெக்ஸிகோ குடும்பத்து உணவகம் 1937-இலிருந்து நடக்கிறது. பொரித்து மொறுமொறுவென்று ஆக்கிய டாக்கோ அங்கே பெயர் பெற்றது. எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்த கிளென் பெல் அதைப் பார்த்துக் கற்று, 1962-இல் டாக்கோ பெல் என்ற உணவக நிறுவனத்தைத் தொடங்கினார். மொறுமொறு டாக்கோவைக் கண்டால் 'அமெரிக்கக்காரன் கண்டுபிடிப்பு' என்று முகம் சுளிக்கிறவர்கள், அந்த மிட்லா குடும்பத்தின் உழைப்பைத் தங்களை அறியாமல் பெல்லின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். போலி என்ற சொல்லால் யாருக்கு அடி விழுகிறது என்று யோசியுங்கள்.

அம்மிக்கல்:

ஐயா, சில்லி ராணிகளைப் போலி என்று நான் எந்த நாளும் சொல்லமாட்டேன். பொரித்த டாக்கோ மெக்ஸிகோவிலும் உண்டு, 'தாகோஸ் தோராதோஸ்' என்று வீட்டுக்கு வீடு செய்கிறார்கள்.

என் கோபம் வேறு. ஓவாஹாக்கா மாநிலத்தில் மட்டுமே ஏழு வகை மோலே, அதாவது மிளகாய் அரைத்துச் செய்யும் கெட்டிக் குழம்பு, என்று கணக்குச் சொல்வார்கள். உண்மையில் அதற்கும் மேலே இருக்கிறது. யூகத்தானில் மாயா மக்கள் மண்ணில் குழி தோண்டி, கல்லைச் சூடேற்றி, இலையில் பொதிந்த இறைச்சியைப் புதைத்து வேகவைக்கிறார்கள். கெர்ரேரோ மாநிலத்தில் வியாழக்கிழமை என்றால் பச்சை போசோலே என்ற மக்காச்சோளக் கஞ்சி. இவற்றில் ஒன்றும் உலகத்துக்குத் தெரியவில்லை. மஞ்சள் பாலாடைக்கட்டியும் சீரகப் பொடியும் தூக்கலாகப் போட்ட ஒரு தட்டுதான் மொத்த மெக்ஸிகோ என்று விற்கப்படுகிறது. டாக்கோ பெல் 1992-இல் மெக்ஸிகோவில் கடை திறந்து மூடியது. 2007-இல் மறுபடி வந்து மறுபடி மூடியது. உள்ளூர் மக்கள் அதைத் தங்கள் உணவாக ஏற்கவில்லை.

ஹூஸ்டன்வாசி:

ஒரு நிறுவனத்தின் கடை மூடியதை ஒரு சமூகத்தின் சமையலுக்கு எதிரான தீர்ப்பாக்குகிறீர்கள். எல்லைக்கு வடக்கே ஆற்றோரப் பண்ணைகளில் மாடு மேய்த்தவர்களுக்குக் கூலியோடு சேர்த்துக் கிடைத்தது யாரும் வாங்காத வயிற்றுப் பக்கத்து இறைச்சி. அதை நெருப்பில் சுட்டு, குறுக்கே அறுத்து, கோதுமை டார்ட்டியாவில் வைத்துச் சாப்பிட்டார்கள். இன்று உலகம் அதை ஃபஹீட்டா என்கிறது. அது ஏழைத் தொழிலாளியின் சாப்பாடு, அந்த வட்டாரத்திலேயே பிறந்தது. ஓவாஹாக்கா தெரியவில்லை என்பதற்காக இதைத் தாழ்த்த வேண்டாம். கோதுமை டார்ட்டியாவையும் சேர்த்தே சொல்கிறேன். சொனோரா மாநிலத்தில் முழங்கை நீளத்துக்கு, மறுபக்கம் தெரியும் அளவு மெல்லியதாகத் தட்டுகிறார்கள். கோதுமை ஸ்பானியர் கொண்டுவந்ததுதான். தட்டிய கை சொனோராவின் கை.

கடல்வழி:

எல்லோரும் அட்லாண்டிக் பக்கமே பார்க்கிறீர்கள். பசிபிக் பக்கம் ஒரு வாசல் இருந்தது. 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்ஸிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்ஸிகோவில் விரும்பிச் சாப்பிடும் ஒரு மாம்பழத்துக்கு இன்றும் மணிலா என்றே பெயர். தென்னையில் கள் இறக்கும் தொழில் பிலிப்பைன்ஸ் ஆட்களோடு கொலிமா கரைக்கு வந்தது. அங்கே அதைத் தெருவில் வேர்க்கடலை போட்டுக் குடிக்கிறார்கள். புளிக்கரைசல் பானம் இல்லாத மெக்ஸிகோச் சந்தை கிடையாது. புளி அவர்கள் மண்ணின் மரமில்லை.

அந்தக் கப்பல்களில் ஆட்களும் வந்தார்கள். இந்தியக் கரைகளில் பிடித்தும் வாங்கியும் அடிமைகளாக மணிலா வழியே கொண்டுபோகப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் கத்தரினா தே சான் ஹுவான். இந்தியாவில் பிறந்த பெண். பூவேப்லா நகரில் வாழ்ந்து 1688-இல் இறந்தார். மோலே போப்லானோ என்ற பூவேப்லா மோலேயும் அதே ஊரில்தான் பெயர் பெற்றது. காய்ந்த மிளகாயை வறுத்து, பட்டை, கிராம்பு, எள் சேர்த்து அரைத்து, கொழுப்பில் வதக்கிக் கொதிக்கவிடுகிறார்கள். இது நம் வறுத்தரைத்த குழம்பு அல்லாமல் வேறென்ன? மோலே இந்தியக் கைகளில் பிறந்தது என்பதே என் கருத்து.

கறுவாத்தோட்டம்:

வணக்கம். நான் இலங்கையின் தென்பகுதியில் கறுவா, அதாவது நீங்கள் பட்டை என்று சொல்வதன், வியாபாரத்தோடு தொடர்புடைய குடும்பத்தைச் சேர்ந்தவன். கடல்வழி அவர்கள் சொன்ன கப்பல்களும் மனிதர்களும் உண்மை. முடிவு மட்டும் உண்மையில்லை.

பெர்னார்தினோ தே சாககூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி பதினாறாம் நூற்றாண்டில் அஸ்டெக் மக்களின் நவாட்டில் மொழி பேசும் முதியவர்களை உட்காரவைத்துக் கேட்டு, அவர்களுடைய வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே எழுதிவைத்தார். வான்கோழியைச் சிவப்பு மிளகாய், தக்காளி, அரைத்த பூசணிவிதை சேர்த்த குழம்பில் சமைத்ததும், சந்தையில் விதவிதமான மிளகாய்க் குழம்புகள் விற்றதும் அதில் இருக்கின்றன. கத்தரினா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது அது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். தவமும் பக்தியும் காட்சிகளுமாகத்தான் அது இருக்கிறது. அவர் சிறுமியாகக் கடத்தப்பட்டு விற்கப்பட்ட பெண். அந்தத் துயரத்தின்மேல் நாம் ஒரு சமையல் பெருமையை ஏற்றிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. வறுத்து அரைப்பது இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஆனால் மிளகாய் செய்யும் வேலை வேறு. நமக்கு மிளகாய் காரத்துக்கு. பூவேப்லாவில் முலாத்தோ, ஆஞ்சோ, பசியா என்ற பெரிய, காரம் குறைந்த மிளகாய்கள்தான் குழம்பின் உடம்பு. அவற்றைக் கருகாமல் வாட்டி, ஊறவைத்து, சதைப்பற்றோடு அரைக்கிறார்கள். தடிப்பு எள்ளாலும் பாதாமாலும் பொரித்த டார்ட்டியாவாலும் வருகிறது.

எங்கள் பங்கு எங்கே இருக்கிறது என்றால், அந்தக் குழம்பில் விழும் கறுவாவில் இருக்கிறது. இலங்கைக் கறுவாவை உலகில் அதிகம் வாங்கும் நாடு மெக்ஸிகோ. அமெரிக்காவில் விற்கும் தடித்த பட்டையை அவர்கள் விரும்புவதில்லை. விரலால் நொறுக்கக்கூடிய, தாள்போல மெல்லிய சுருள்தான் வேண்டும். மண்பானைக் கோப்பியில் போடுகிறார்கள், பாற்சோற்றில் போடுகிறார்கள், சொக்கலேற்றில் போடுகிறார்கள். இந்த உண்மையான தொடர்பு இருக்கும்போது இல்லாத ஒன்றைக் கட்டுவானேன்?

கடல்வழி:

சாககூன் எழுதியது மிளகாய்க் குழம்பு. பட்டையும் கிராம்பும் எள்ளும் அதில் இல்லை. அவை சேர்ந்த பிறகு உருவானதுதான் மோலே போப்லானோ. சேர்த்த கை யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கறுவாத்தோட்டம்:

சேர்த்த கையைத் தேட இந்தியா வரை போக வேண்டியதில்லை. ஸ்பானியர்கள் முந்நூறு ஆண்டு அந்நாட்டை ஆண்டார்கள். அவர்களுடைய சமையலில் பட்டை, கிராம்பு, பாதாம், உலர்திராட்சை எல்லாம் முன்பே இருந்தன. அரபு ஆட்சி ஸ்பெயினில் விட்டுச்சென்ற ருசி அது. பூவேப்லாவின் சாந்தா ரோசா மடத்தில் கன்னியாஸ்திரி ஆந்த்ரேயா, ஆயருக்கு விருந்து வைக்க மோலேயைப் படைத்தார் என்ற கதை நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நீலமும் வெள்ளையும் ஓடு பதித்த அந்த மடத்துச் சமையலறையை இன்றும் போய்ப் பார்க்கலாம். கதை அப்படியே நடந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்பானிய மடங்களின் சமையலறையில்தான் இரண்டு மரபும் சந்தித்தன என்பதை அது சரியாகவே சொல்கிறது.

அம்மிக்கல்:

இந்தக் கன்னியாஸ்திரி கதையை நான் சும்மா விடமாட்டேன். மோலேக்கு மிளகாயை அரைப்பது மெத்தாத்தே என்ற சாய்ந்த கல்லில். முழங்காலிட்டு உட்கார்ந்து, உடம்பின் எடையையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து, குழவியை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஒரு விருந்துக்கு வேண்டிய மோலேயை அரைக்க மணிக்கணக்கில் ஆகும். மடத்தில் அதைச் செய்தவர்கள் மடத்துக்கு வேலைக்கு வந்த பழங்குடிப் பெண்கள். மிளகாயை எந்த அளவு வாட்டினால் கசக்கும், எந்த அளவில் மணக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஸ்பெயினிலிருந்து வந்த மரபுக்கு அது தெரிய வழியில்லை. கதையில் அவர்களுக்குப் பெயரே கிடையாது. அந்தக் கதையும் 1920களில் செய்தித்தாளில் வந்த பிறகுதான் இப்படிப் பரவியது.

ஏன் அப்போது? அதற்குக் கொஞ்சம் முன்புவரை படித்த மேல்தட்டு மக்காச்சோளத்தை அவமானமாக நினைத்தது. பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி 1899-இல் மனித இனத்தைக் கோதுமை உண்போர், அரிசி உண்போர், மக்காச்சோளம் உண்போர் என்று பிரித்து, கோதுமைக்காரர்கள் மட்டுமே முன்னேறுவார்கள் என்று எழுதினார். அரிசி உண்ணும் நம்மையும் சேர்த்துத்தான். 1910-இல் தொடங்கிய மெக்ஸிகோப் புரட்சிக்குப் பிறகு தேசிய உணவு ஒன்று தேவைப்பட்டபோது மோலேயை எடுத்துக்கொண்டார்கள், அரைத்தவளை விட்டுவிட்டு துறவாடை உடுத்திய ஒரு கன்னியாஸ்திரியை நிறுத்தினார்கள்.

வால்நட் குழம்பு ஊற்றிய மிளகாயான சீலே என் நோகாதாவும் அப்படித்தான். 1821-இல் விடுதலைப் படைத் தளபதி இதுர்பிதே பூவேப்லாவுக்கு வந்தபோது சாந்தா மோனிக்கா மடத்துச் சகோதரிகள் கொடியின் மூன்று நிறத்தில் செய்தார்கள் என்பார்கள்: பச்சை மிளகாய், வெள்ளை வால்நட் குழம்பு, சிவப்பு மாதுளை முத்து. ஆகஸ்ட் வந்தால் இந்த ஊர்ச் சந்தையில் நடைபாதையில் உட்கார்ந்து புது வால்நட் உரிக்கிற பெண்களைப் பார்க்கலாம். ஓட்டை உடைத்தால் போதாது, பருப்பின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை மடிப்புக்குள்ளும் விரல்நுனியால் உரிக்க வேண்டும். ஒரு துளித் தோல் தங்கினாலும் குழம்பு கசக்கும், நிறம் மங்கும். உரித்து உரித்து அவர்கள் விரல்கள் பழுப்பேறிக் கிடக்கும். அந்த உணவின் மூலம் எங்கே என்று கேட்டால் நான் அந்த நடைபாதையைக் காட்டுவேன், தளபதியைக் காட்டமாட்டேன்.

கறுவாத்தோட்டம்:

அரைத்தவர்களின் உழைப்பை நான் மறுக்கவில்லை அக்கா. ஆனால் பாதாமையும் கறுவாவையும் கொண்டுவந்த பக்கத்தை ஒரேயடியாகத் துடைத்துவிட்டால், கடல்வழி கேட்ட கேள்விக்கு உங்களிடமும் பதில் இருக்காது.

அம்மிக்கல்:

பொருளைக் கொண்டுவந்ததை மறுக்கவில்லை. கொண்டுவந்தவரைச் சமைத்தவராக்குவதை மறுக்கிறேன்.

வைகைக்கரை:

இரண்டு நாள் கழித்து வருகிறேன், விவாதம் எங்கோ போய்விட்டது. நான் கேட்டதற்கே திரும்புகிறேன்.

அக்கா, எல்லாவற்றுக்கும் அடியில் சுண்ணாம்பு மக்காச்சோளம் இருக்கிறது என்கிறீர்கள். இன்றைக்கு எத்தனை வீட்டில் சுண்ணாம்பில் வேகவைக்கிறார்கள்? 1949-இல் நுவேவோ லெயோன் மாநிலத்தில் தொடங்கிய மாசேகா உலர்மாவு இன்று உலகம் முழுக்கப் பொட்டலத்தில் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றினால் அடை. நீங்கள் சொன்ன வாசனையும் இரவு ஊறலும் நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அம்மிக்கல்:

அந்த உலர்மாவும் சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்தான். வேகவைத்துக் காயவைத்து அரைத்தது. முறை ஆலைக்குள் போயிருக்கிறது, மறையவில்லை. ருசி போனது உண்மை, அதற்காக நானும் வருந்துகிறேன். அதனால்தான் எங்கள் தெருவில் ஈரமாவு அரைக்கும் மில் இருக்கும்வரை அங்கேதான் வாங்குவேன். ஆனால் அக்கறை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை இந்நாட்டில் விதைக்கக் கூடாது என்று 2025-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். வெறும் உறைக்காக யாரும் அரசியல் சட்டத்தைத் திருத்தமாட்டார்கள்.

ஹூஸ்டன்வாசி:

டெக்ஸாஸிலும் இப்போது பழைய ரகச் சிவப்பு, நீல மக்காச்சோளத்தை வரவழைத்துக் கடையிலேயே சுண்ணாம்பில் வேகவைத்து அரைக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். இதையும் போலி என்று சொல்வீர்களா, அம்மா?

அம்மிக்கல்:

சொல்லமாட்டேன். அதை மெக்ஸிகோ என்றே சொல்வேன்.

வைகைக்கரை:

அப்படியானால் என் கோரிக்கை இதுதான். இதால்கோவின் ரேயால் தெல் மோந்தேயில் பாஸ்தேக்கு அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். கார்ன்வாலிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லித் திருவிழா நடத்துகிறார்கள். உள்ளே மோலேயையும் அவரையையும் திணித்துத் தங்களுடையதாகவும் ஆக்கிக்கொண்டார்கள், மூலத்தையும் மறைக்கவில்லை. அந்த நேர்மையை அல் பாஸ்தோர் விஷயத்திலும் எதிர்பார்க்கிறேன். லெபனான் பெயர் பலகையில் இருக்கட்டும்.

அம்மிக்கல்:

பூவேப்லாவில் இருக்கிறது. அரபு டாக்கோ என்று பெரிய எழுத்தில் எழுதித்தான் விற்கிறார்கள். மெக்ஸிகோ நகரத்துக் கடையில் இல்லை, ஏனென்றால் அங்கே விற்பது வேறு பண்டம்.

வைகைக்கரை:

அந்த இடத்தில்தான் உங்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அடை மாறியது, மசாலா மாறியது, இறைச்சி மாறியது, ஒப்புக்கொள்கிறேன். கம்பி அதே கம்பி.